திருச்சியிலிருந்து ஒரே நாளில் புதுக்கோட்டைக் குன்றுகள்: எதை எடுப்பது, எதை விடுவது?

உறையூர்க்காரர்

வணக்கம். வரும் ஞாயிறு காலை காரில் கிளம்பி இரவுக்குள் திருச்சி திரும்புவதாகத் திட்டம். நாலு பேர்: நானும் மனைவியும், 9 வயது மகன், முட்டிவலி உள்ள 66 வயது அம்மா.

பட்டியல் இது: விராலிமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், திருமயம் கோட்டை, முடிந்தால் ஆவுடையார்கோயில். எல்லாவற்றையும் மேப்பில் வரிசையாகப் போட்டால் வண்டி ஓடும் நேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. கையில் 12 மணி நேரம் இருக்கும்போது இது ஆகிற காரியமா? சித்தன்னவாசல் ஓவியத்தை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், அதை விட முடியாது. மற்றதில் எதை வெட்டச் சொன்னாலும் வெட்டிவிடுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் வரிசை சொல்லுங்கள்.

குன்றுவழி

எட்டு இடம் ஆகாது. நாலு இடம் ஆகும், அதுவும் காலை 5:45-க்கு வண்டி கிளம்பினால்.

மேப் காட்டுவது சாலை நேரம் மட்டும்தான். இந்தப் பக்கத்தில் நேரத்தைத் தின்பது சாலை இல்லை, மூன்று வேறு விஷயங்கள். ஒன்று, பூஜை நடக்கும் கோயில்கள் நண்பகல் 12 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். குடுமியான்மலை, திருமயத்தின் இரண்டு கோயில்கள், திருக்கோகர்ணம், விராலிமலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இரண்டு, வெறும் பாறை. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் பத்தரைக்கு மேல் கல் கொதிக்க ஆரம்பித்துவிடும். நடக்கிற பாதையிலேயே நிழல் கிடையாது. மூன்று, தொல்லியல் துறை இடங்களில் மாலை சீட்டுக் கொடுப்பதை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். 5 மணிக்குப் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். இந்த மூன்றையும் முதலில் தாளில் எழுதி, அதற்குள் ஊர்களை அடுக்குங்கள். மேப்பை வைத்து அடுக்கினால் மதியம் 12:30-க்குப் பூட்டிய கோபுர வாசலில் நிற்க வேண்டி வரும்.

வெட்ட வேண்டியது: விராலிமலையும் கொடும்பாளூரும் மதுரை நெடுஞ்சாலையில் இருக்கின்றன. திருச்சியிலிருந்து முறையே 30, 40 கி.மீ. அளவுதான். அவை இரண்டும் தனியாக ஒரு அரை நாள். மதுரைக்குப் போகும் வழியில்கூட முடிந்துவிடும், இதற்குள் திணிக்க வேண்டாம். திருமயம் புதுக்கோட்டைக்குத் தெற்கே 20 கி.மீ., காரைக்குடி சாலை. அதைச் செட்டிநாட்டுப் பயணத்தோடு சேருங்கள். ஆவுடையார்கோயில் அறந்தாங்கியைத் தாண்டி, முற்றிலும் வேறு திசை. அங்கே கல்லில் செதுக்கிய கொடுங்கையை (வளைந்த கூரை விளிம்பை) மட்டும் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். மரச் சட்டம், கம்பி, ஆணித் தலை வரை கல்லிலேயே செய்திருக்கிறார்கள்.

எஞ்சுவது நார்த்தாமலை, சித்தன்னவாசல், அருங்காட்சியகம், குடுமியான்மலை. வரிசையும் அதுவே. 7 மணிக்கு நார்த்தாமலை ஏற்றம், 9:30-க்குச் சித்தன்னவாசல், 12:30-க்குப் புதுக்கோட்டையில் சாப்பாடு, வெயில் உச்சத்தில் அருங்காட்சியகம், 4 மணிக்கு நடை திறக்கும்போது குடுமியான்மலை. மொத்த ஓட்டம் 160, 170 கி.மீ.க்குள் அடங்கும்.

நார்த்தாமலையில் ஒரு தவறு வாடிக்கையாக நடக்கிறது. மேப்பில் "நார்த்தாமலை" என்று மட்டும் போட்டால் ஊருக்குள், முத்துமாரியம்மன் கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். நீங்கள் போக வேண்டியது ஊருக்கு மேற்கே உள்ள மேலமலை. "விஜயாலய சோழீஸ்வரம்" என்று தேடுங்கள். வண்டி அடிவாரம் வரை போகும். அதற்கு மேல் படிக்கட்டு கிடையாது, சரிவான வெறும் பாறையில் 15 முதல் 20 நிமிட நடை. ரப்பர் அடியுள்ள ஷூ நல்லது. தேய்ந்த செருப்பு இறங்கும்போது வழுக்கும், ஏறும்போது தெரியாது. முதல் நாள் மழை பெய்திருந்தால், கறுத்த பட்டை போலத் தெரியும் இடங்களில் கால் வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து பாசி படிந்த தடம் அது.

மேலே கடை இல்லை, கழிப்பறை இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். கீரனூரிலேயே டீயையும் மற்றதையும் முடித்துவிட்டு வாருங்கள்.

அம்மாவுக்கு இந்த ஏற்றம் வேண்டாம். ஏறுவதைவிட இறக்கம்தான் முட்டியை வாட்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் அவரோடு கீழே மாரியம்மன் கோயிலில் இருந்துவிடுங்கள். காலையில் கோயில் திறந்திருக்கும், உட்கார நிழல் உண்டு.

மலைச்சுனை

குன்றுவழி சொன்ன நாலு இடம் சரி. வரிசையில் மட்டும் ஒரு மாற்றம் சொல்கிறேன். சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

காரணம் வெளிச்சம். சித்தன்னவாசலில் ஓவியம் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் குன்றின் மேற்குச் சரிவில் மேற்கு நோக்கிக் குடைந்தது. காலை 9:30-க்குச் சூரியன் குன்றுக்குப் பின்னால் இருக்கும், கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்துக் கூரை மங்கலாகவே தெரியும். மதியம் இரண்டரைக்கு மேல் முன்பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் உள்ளே ஏறும், பச்சையும் காவியும் அப்போதுதான் பிரிந்து தெரியும். ஓவியத்துக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் சின்னதில்லை. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, டார்ச்சும் வேண்டாம். சுண்ணத்தின் மேல் தீட்டியது, ஏற்கெனவே பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது.

உள்ளே போனதும் மேலே பார்க்காதீர்கள். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதல் இரண்டு நிமிடம் கூரை ஒரு கறைதான். சுவர்ப் பக்கம் பார்த்து நின்றுவிட்டுப் பிறகு தலையைத் தூக்குங்கள். கூரையில் தீட்டிய தாமரைக் குளம் முதலில் இலைக் கூட்டமாகத்தான் தெரியும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகருங்கள்: மீன், அன்னம், எருமை, யானை, பூப் பறிக்கும் மூன்று பேர். தண்டோடு பறித்த தாமரையைத் தோளில் சாய்த்து நிற்கிறாரே, அவருடைய விரல்கள் தண்டைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பையனுக்கு "மீன் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு" என்று ஒரு வேலை கொடுத்தால் பதினைந்து நிமிடம் பொறுமையாக இருப்பான், நீங்களும் நிம்மதியாகப் பார்க்கலாம். தூண்களின் மேல்பகுதியில் ஆடல் மகளிர் இருவரும் அரசன், அரசி உருவமும் உண்டு. குளத்தையே பார்த்துவிட்டு இவற்றை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

கருவறையில் மூன்று உருவங்கள். அங்கே நின்று தாழ்ந்த குரலில் ஒரே சுருதியில் முனகினால் அறை முழுக்க அதிரும். கூட்டம் இல்லாதபோதுதான் கேட்கும்.

வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததைச் சொல்லும் பாடல் அது, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தது. குடைவரை அதற்கும் முந்தியது. இப்போது முன்னால் நிற்கும் தூண் மண்டபம் அவர் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது.

ஏழடிப்பட்டம், அதாவது சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள குகை, அதே குன்றில்தான், ஆனால் கிழக்கு முகத்தில். அறிவர் கோயிலிலிருந்து கீழே இறங்கி, சாலையோடு கொஞ்சம் போய், வேறு படிவரிசையில் ஏறி, முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். சீட்டும் தனி. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம். மதியத்துக்கு மேல் அந்தக் கிழக்குச் சரிவு நிழலில் இருக்கும், இதுவும் மாற்றிப் போடச் சொல்வதற்கு ஒரு காரணம். உள்ளே பாறையில் வழவழப்பாக வெட்டிய 17 படுக்கைகள், தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தியிருக்கும். ஒன்றின் மேல் கி.மு. காலத் தமிழ் பிராமி எழுத்து. முன்பு பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துத்தான் போக வேண்டும், பெயரே அதனால் வந்தது. இப்போது கம்பித் தடுப்பு உண்டு. ஆனாலும் பாதை குறுகல், ஒரு பக்கம் பள்ளம். பையனின் கையை விடாதீர்கள்.

குன்றுவழி

@மலைச்சுனை, வெளிச்சக் கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஏப்ரல், மே மாதத்தில் யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால் 2:30 மணிக்கு ஏழடிப்பட்டம் ஏறக் கூடாது. குகை நிழலில் இருந்தாலும் அதற்குப் போகும் படிகள் மேற்குச் சரிவில்தான் இருக்கின்றன, முதல் பாதி முழுக்க வெயில் முகத்திலேயே அடிக்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை உங்கள் வரிசை. மற்ற மாதங்களில் அறிவர் கோயிலை முதலில் பார்த்துவிட்டு 4 மணிக்கு மேல் படுக்கைகளுக்கு ஏறலாம். அதற்குள் ஏழடிப்பட்டச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே வெளிச்சக் கணக்கு நார்த்தாமலைக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. விஜயாலய சோழீஸ்வரம் மேற்கு பார்த்தது. அதற்கு எதிரே உள்ள இரண்டு குடைவரைகளும் அதனால் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் நேராக அவற்றுக்குள் விழும். பெரிய குடைவரையை ஊரில் சமணர் குடகு என்பார்கள், உள்ளே இருப்பது ஆளுயரத்தில் 12 திருமால் உருவங்கள். கம்பிக் கதவு பூட்டியிருந்தாலும் 8 மணி வெயிலில் வெளியே நின்று பார்க்கலாம், மாலையில் அதே இடம் இருட்டு. முன்மேடையின் விளிம்பில் ஓடும் யானை, யாளி வரிசையைக் குனிந்து பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு மாதிரி திரும்பியிருக்கும். சின்னது பழியிலி ஈஸ்வரம். சாத்தன் பழியிலி குடைவித்தது, பல்லவன் நிருபதுங்கன் காலம்.

கோயிலைப் பற்றி ஒன்று. பெயரை வைத்து விஜயாலயன் கட்டியது என்று எல்லா இடத்திலும் எழுதிவிடுகிறார்கள். அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் எடுத்த கற்றளி (கற்கோயில்) மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுக்கியதையும் சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம், இரண்டுக்கும் நடுவில் சுற்றி வர வழி. மேலே விமானத்தின் கீழ்த் தளங்கள் சதுரமாகவும் உச்சித் தளம் வட்டமாகவும் முடியும். தள்ளி நின்று பார்த்தால்தான் அந்த மாற்றம் கண்ணில் படும். சுற்றிலும் முன்பு எட்டுச் சிறு கோயில்கள், இப்போது ஆறு நிற்கின்றன.

டவுன்பஸ் டைம்

கார் இல்லாதவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அதனால பஸ் விவரம்.

திருச்சி–புதுக்கோட்டை பஸ் பகல் முழுக்க இருக்கு. ஆனா 2025-ல பஞ்சப்பூர் முனையம் வந்தப்புறம் நிறைய வழித்தடம் இடம் மாறிடுச்சு. எங்க ஏறணும்னு முதல் நாளே கேட்டு வச்சுக்குங்க. ஏறும்போது கண்டக்டர்கிட்ட "நார்த்தாமலை பிரிவுல நிக்குமா?"ன்னு கேட்டுட்டு ஏறுங்க. இடைநில்லா பஸ் நிக்காது, அதுல ஏறிட்டா புதுக்கோட்டை போய்த் திரும்பி வரணும். பிரிவுல இறங்கினா ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர், அப்புறம் மலையடிவாரம் இன்னும் கொஞ்சம். ஆட்டோ எப்பவும் நிக்கும்னு நம்பாதீங்க, நடக்கத் தயாரா இருங்க.

சித்தன்னவாசலுக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அன்னவாசல், இலுப்பூர் போற பஸ். பிரிவு வளைவுல இறங்கணும். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான், ஆனா கிராமத்து ரோடு, டவுன் பஸ்ஸுன்னா முக்கால் மணி நேரம் வைங்க. பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ல டிக்கெட் காசு கிடையாது, மப்சல் பஸ்ல உண்டு. ரெண்டும் அதே ரோட்டுலதான் ஓடும், போர்டைப் பார்த்து ஏறுங்க.

பஸ்ல நாலு இடம் முடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு: நார்த்தாமலையும் சித்தன்னவாசலும். இல்லைன்னா குடுமியான்மலையும் அருங்காட்சியகமும். ரெண்டு இடத்துக்கும் நடுவுல புதுக்கோட்டைக்கு வந்துதான் மாறணும், குறுக்கு வழி பஸ் தேடி நிக்கறது வீண். இறங்கின உடனே எதிர்ப்பக்கக் கடையில "திரும்ப பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டுட்டு அப்புறம் மலைக்குப் போங்க. இதைச் செய்யாததாலதான் மாலையில ஒரு மணி நேரம் ரோட்டோரம் நிக்க வேண்டியிருக்கு. மூணு பேர் சேர்ந்தா அன்னவாசல்ல ஆட்டோ பேசிக்கலாம். போக வர, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து முன்னாடியே ஒரே தொகையாப் பேசிடணும்.

உறையூர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. மலைச்சுனை சொன்ன வரிசையை எடுத்துக்கொள்கிறோம், இது தை மாதம் என்பதால் வெயில் தாங்கும். மூன்று சந்தேகம்.

1. குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு எங்கே இருக்கிறது? கோயிலுக்குள்ளா, மலை மேலா? அம்மாவுக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு, அதை அவர் பார்க்க முடியுமா?
2. மதியச் சாப்பாடு புதுக்கோட்டையில்தானா, இல்லை வழியிலா?
3. அம்மா சித்தன்னவாசலில் எதுவரை வர முடியும்?

கிரந்தம்

முதல் கேள்விக்கு.

அம்மா பார்க்கலாம், தாராளமாக. மலை உச்சிக்கு ஏற வேண்டாம். சிகாநாதசாமி கோயிலின் பெரிய மண்டபங்களைக் கடந்து பின்பக்கம் போனால் குன்றின் சரிவில் மேலைக்கோயில் என்ற குடைவரை இருக்கிறது. அதை ஒட்டிய பாறை முகத்தில்தான் கல்வெட்டு. சில படிகள்தான், மெதுவாக ஏறலாம். கதவு பூட்டியிருந்தால் கோயிலில் கேளுங்கள், முன்கோயிலில் இருப்பவர்களிடம்தான் விவரம் கிடைக்கும். போனதும் முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். எல்லாம் பார்த்து முடித்து 11:45-க்குக் கேட்டால் நடை சாத்தும் அவசரத்தில் இருப்பார்கள்.

பார்ப்பதற்கு முன் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் அது வெறும் கீறலாகத் தெரியாது. ஏறக்குறைய 13க்கு 14 அடிப் பரப்பு, 38 வரிகள், எழுத்து பல்லவ கிரந்தம். ஏழு பகுதிகள், பகுதிக்கு ஒரு ராகம்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். இன்றைய ராகங்களுக்கு முந்திய கிராம ராகங்கள் இவை. ஒவ்வொரு பகுதியிலும் சுரங்கள் நான்கு நான்காகக் கட்டி எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டுகளை எழுத்து தெரியாதவர்களும் இடைவெளியை வைத்துப் பிரித்துவிடலாம். ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாற்றி எழுதியிருப்பது இந்தக் கல்வெட்டின் தனித்தன்மை. சங்கீதம் தெரிந்த அம்மாவுக்கு அதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள், அவர் அங்கிருந்து நகர மாட்டார்.

முடிவில், ருத்ராசாரியரின் மாணாக்கனான, சிவனிடம் பற்றுள்ள ஓர் அரசன் மாணவர்களின் நலனுக்காக இதைச் செய்ததாக வருகிறது. அரசனின் பெயர் கல்லில் இல்லை. மகேந்திரவர்மன் என்று பலகையிலும் புத்தகத்திலும் போடுவது பிற்கால ஊகம், அதை மறுத்து எழுதிய அறிஞர்களும் உண்டு. அடியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." பக்கத்தில் பிள்ளையார் அருகே "பரிவாதினி" என்ற யாழ் வகையின் பெயர் வெட்டியிருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஒற்றைச் சொல்தான், தவறவிடுவது சுலபம்.

காலை 9:30-க்குள் அங்கே இருங்கள். முன் மண்டபத் தூண்களில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பத்துத் தலை இராவணன், ரதி, மன்மதன், குதிரை வீரர்கள் எல்லாம் ஆளுயரத்தில் நிற்பார்கள். கல்வெட்டுக்கு முன் இவற்றில் இறங்கினால் நேரம் போவதே தெரியாது. அதனால் முதலில் கல்வெட்டு, திரும்பி வரும்போது தூண்கள். செருப்பை வாசலில் விட வேண்டும். வெளிப் பிராகாரக் கல் 11 மணிக்குச் சுடும், அம்மாவுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

குன்றின் உச்சியில் 63 நாயன்மார்களை வரிசையாகப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். கீழிருந்தே தெரியும்.

மலைச்சுனை

மூன்றாவதற்கு. அறிவர் கோயிலுக்குப் படிக்கட்டு உண்டு, நார்த்தாமலை மாதிரி வெறும் பாறை இல்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினால் முட்டிவலி உள்ளவரும் போய்விடலாம். கைத்தடி இருந்தால் கொண்டுவாருங்கள், இறங்கும்போது அதுதான் துணை. ஏழடிப்பட்டம் அவருக்கு வேண்டாம். நூற்றுக்கணக்கான படிகள், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. நீங்கள் ஏறும்போது அவர் கீழே பூங்காவில் மரத்தடியில் இருக்கலாம், படகுக் குளமும் அங்கேதான். பையன் குளத்தைப் பார்த்துவிட்டால் மலைக்கு வர மறுப்பான், அதனால் போகும்போது அந்தப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

வழியில் சாலையின் இரு பக்கமும் வட்டமாக நட்ட கற்கள் தெரியும். பெருங்கற்காலத்து ஈமக் காடு அது. கல் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம், பையனுக்கும் சொல்லிவிடுங்கள்.

டவுன்பஸ் டைம்

சாப்பாடு புதுக்கோட்டையிலதான். குடுமியான்மலையில டீக்கடைதான் இருக்கும், அன்னவாசல்லயும் ஞாயித்துக்கிழமைன்னா நம்ப முடியாது. நகரத்துக்குள்ள கீழராஜ வீதி பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்கறது கஷ்டம், பஸ் ஸ்டாண்டு பக்கம் சுலபம். 12:30-க்குள்ள உக்காந்தா கூட்டம் இருக்காது. முட்டை மாஸ் புதுக்கோட்டையோட சொந்த அயிட்டம். அவிச்ச முட்டையை நறுக்கி, வெங்காயம் தக்காளி மசாலாவுல கொத்திக் குடுப்பாங்க. ஆனா அது சாயங்காலக் கடை, மதியம் தேடாதீங்க.

அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்துல, திருச்சி ரோட்டுப் பக்கம். காலை 9:30 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை லீவு, ரெண்டாம் சனிக்கிழமையும் லீவு. நீங்க ஞாயிறுங்கறதால பிரச்சினை இல்லை. 1910-ல சமஸ்தானம் ஆரம்பிச்சது. செப்புத் திருமேனி, ஆயுதம், காசு எல்லாம் இருக்கு. சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசைப் பையனுக்குக் காட்டுங்க. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், அதே அம்மன் கோயில் பக்கத்துத் தெருவுலயே இருக்கு. ஆனா நீங்க போற நேரம் நடை சாத்தியிருக்கும். முக்கால் மணி நேரம் போதும், 2 மணிக்கு வெளிய வந்துடுங்க.

கோட்டைமேடு

திருமயத்தை வெட்டியது சரிதான். ஆனால் இழையைத் தேடி வருகிறவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், அங்கேயும் இதே நேரச் சிக்கல்தான்.

கோட்டை வேறு, கோயில்கள் வேறு, வாசலும் வேறு. பலரும் கோட்டையில் ஏறி இறங்கி 12:15-க்குச் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலுக்கு வந்து ஏமாறுகிறார்கள். முதலில் கோயில். பாறையிலேயே குடைந்த பள்ளிகொண்ட பெருமாளை ஒரு பார்வையில் முழுசாகப் பிடிக்க முடியாது, தலையிலிருந்து கால்வரை நடந்துதான் பார்க்க வேண்டும். பின்சுவரில் ஆதிசேடன் கக்கும் தீயில் மது, கைடபர் என்ற அசுரர்கள் ஓடுவதையும் பாருங்கள். அடுத்த வாசல் சத்தியகிரீசுவரர், அதுவும் அதே பாறையில் குடைந்தது. இரண்டு கோயிலாருக்கும் இடையே வருமானத்தையும் இடத்தையும் பற்றி நீண்ட வழக்கு இருந்து, 1245இல் போசளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் தீர்ந்தது, அந்தக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சிவன் கோயில் பக்கமும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்து பெரும்பகுதி அழிந்துவிட்டது. குடுமியான்மலையைப் பார்த்தவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.

பிறகு கோட்டை. 1687இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. உச்சியில் பீரங்கி மேடை, நல்ல காற்று, ஆனால் மேல் பாறையில் விளிம்புச் சுவர் எல்லா இடத்திலும் கிடையாது. சிறு பிள்ளைகளை ஓட விடாதீர்கள்.

குன்றுவழி

@உறையூர்க்காரர், தை மாதம் என்று இப்போதுதான் கவனித்தேன். கிளம்பும் முன் ஒரு விஷயம் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் தச்சங்குறிச்சியில் ஆரம்பித்து மே வரை ஞாயிறுதோறும் எங்காவது ஜல்லிக்கட்டு நடக்கும். அன்னவாசல், விராலிமலை பக்கமும் உண்டு. வாடிவாசல் உள்ள ஊர் வழியாக உங்கள் சாலை போனால் காலை 7 மணியிலிருந்து மாலை வரை காளை ஏற்றிவரும் வண்டிகளும் காவல் தடுப்பும்தான், மேப் அதைச் சரியாகக் காட்டாது. சனிக்கிழமை செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் எந்த ஊர் என்று வந்துவிடும்.

அன்னவாசலில் இருந்தால் நார்த்தாமலையிலிருந்து குறுக்குச் சாலையை விட்டுவிட்டு, பிரதான சாலையில் புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து குடுமியான்மலைக்கு 20 கி.மீ. நேராகப் போங்கள். அரை மணி நேரம் கூடும். அதைச் சரிக்கட்ட நார்த்தாமலையில் 8:10-க்கே இறங்க ஆரம்பியுங்கள். ஆனாலும் அன்றைக்குச் சித்தன்னவாசலுக்கும் அன்னவாசல் சாலைதான் வழி என்பதால், அன்னவாசல் வாடிவாசல் என்றால் பயணத்தையே அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிடுவது நல்லது.

உறையூர்க்காரர்

பார்த்துவிட்டேன், இந்த ஞாயிறு அன்னவாசலில் இல்லை. 5:45 கிளம்புகிறோம். காலுறை, கைத்தடி, நாலு லிட்டர் தண்ணீர், சீட்டுக்குச் சில்லறை எடுத்து வைத்தாயிற்று. மனைவியும் அம்மாவும் மாரியம்மன் கோயிலில், நானும் பையனும் மேலமலையில். கொடும்பாளூருக்கும் விராலிமலைக்கும் மாசியில் தனியாக ஒரு காலை.